கோயில்வளவுக்காரர்

மண்ணூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிற எவரிடமும் வண்டி எங்கே என்று கேட்டால், ‘யார்டுல நிக்குது’ என்பார். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஆலைகளை ஒட்டி வேலியிட்டு வளைத்த வெளிகளுக்கெல்லாம் இன்று அதுவே பெயர். அங்கேயே கிடங்குக்குள் நுழைந்து சரக்கைப் பற்றி விசாரித்தால் ‘இருப்பு’ என்ற சொல் காதில் விழும். சொல்லன்பரே, இந்த இரண்டு சொற்களையும் பற்றிக்கொண்டு வாருங்கள். டென்மார்க்கு நாட்டு மெய்யியலர் ஒருவரின் பெயருக்குள்ளும், அவருடைய சிந்தனைக்குத் தமிழர் இட்ட பெயருக்குள்ளும் நாம் சென்று வரலாம்.

1813 மே 5 அன்று கோபன்ஹேகனில் பிறந்து, 1855 நவம்பர் 11 அன்று அந்நகரிலேயே மறைந்தவர் சோரன் ஓபி கீர்க்ககார்ட். கிறித்துவ இருத்தலியலின் முதல்வர் என்று பிற்காலம் அவரைப் போற்றியது. தமிழ் இதழ்களில் அவர் பெயர் பல கோலங்களில் அச்சாகியிருக்கிறது; பெரும்பாலானவை ‘ட்’ என்று முடிகின்றன. தமிழ்ச் சொல்லின் ஈற்றில் நிற்க டகர மெய்க்கு உரிமை இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். வியப்பு என்னவென்றால், டேனிய மொழியிலும் அந்த ஈற்றெழுத்து ஒலிப்பதில்லை. அதற்கு முந்திய நெட்டுயிர் ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடையே ஒலித்து, தொண்டைக்குள் ஒரு சிறு தடையோடு நின்றுவிடும். ‘கீர்க்ககோ’ என்று உயிரீறாக முடித்தால் டேனியர் நாவுக்கும் அது அணுக்கம், தமிழ் இயல்புக்கும் அது ஒத்தது. ஆகவே இனி இக்கட்டுரையில் அவர் கீர்க்ககோ.

பெயரின் முற்பகுதி ‘கீர்க்க’. டேனியத்தில் இது கிறித்தவர் வழிபடும் இடத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தின் சர்ச், செருமனின் கிர்ஹெ, இசுக்காட்லாந்தின் கிர்க் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். அனைத்துக்கும் தாய் ‘கூரியக்கோன்’ என்ற கிரேக்கச் சொல். கூரியோசு என்றால் தலைவன், உடையவன், ஆண்டவன். கூரியக்கோன் என்றால் ஆண்டவனுக்கு உரியது, அதாவது அவன் வீடு. இதைக் கேட்டதும் உங்கள் உள்ளம் எங்கே பாய்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கோ என்றால் தலைவன், அரசன். இல் என்றால் வீடு. நடுவே யகரம் வந்து கோயில், வகரம் வந்து கோவில். சேய்மைப்பட்ட இரண்டு மொழிகள், ஒன்றையொன்று பாராமலே, ஒரே இடத்துக்கு ஒரே வகையில் பெயர் சூட்டியிருக்கின்றன. அதோடு நிற்கவில்லை. கூரியோசு முதலில் அடிமைகளின் எசமானனையும் பேரரசனையும் குறித்து, பின்னரே கிறித்துவின் பெயராக ஓங்கியது. கோயிலும் பழைய நூல்களில் அரசன் அரண்மனையாக இருந்து, பிறகே இறைவன் இல்லமாயிற்று. வைணவர் ‘கோயில்’ என்று மட்டும் சொன்னால் திருவரங்கம், சைவர் சொன்னால் தில்லை, சிற்றூர்க் கிறித்தவர் சொன்னால் மாதா கோயில். ஒரு சொல் இத்தனை பேருக்கும் இடம் கொடுத்திருப்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பிற்பகுதி ‘கோ’. இது நம் கோ அன்று. ஒலி ஒத்தால் வேர் ஒத்ததாகாது. எழுத்தில் இது ‘கார்ட்’ போலத் தோன்றும். வேலியால் சூழப்பட்ட நிலம் என்பது இதன் அடிப்பொருள். அந்த வேரிலிருந்தே ஆங்கிலத்தின் கார்டன் பிறந்தது, லெனின்கிராட் என்ற பெயரின் கிராட் பிறந்தது, மண்ணூர் லாரிக்காரர் சொல்லும் யார்டும் பிறந்தது. ஒரகடத்தின் ‘கடம்’ என்ற ஈற்றையும் இதனோடு முடிச்சுப் போடச் சிலருக்குக் கை துறுதுறுக்கலாம். அந்த ஆசையை அடக்குவதே சொல்லாராய்ச்சியின் முதல் ஒழுக்கம். டேனியர் இச்சொல்லை வீட்டின் உள்முற்றத்துக்கும் வழங்குகிறார்கள், உழவரின் பண்ணைக்கும் வழங்குகிறார்கள். இந்த இரு பொருளையும் தாங்கத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: வளவு. வளைத்தலில் பிறந்த சொல் அது. யாழ்ப்பாணத்தில் வேலி சூழ்ந்த மனைநிலம் வளவு. செட்டிநாட்டில் வீட்டின் உள்முற்றப் பகுதி வளவு. கீர்க்ககோ என்ற பெயரைத் தமிழாக்கினால் ‘கோயில்வளவு’ என்று வரும்.

கோயில்வளவில் என்ன இருக்கும்? ஐரோப்பிய ஊர்களில் கோயிலைச் சுற்றிய நிலத்தில்தான் இறந்தோரைப் புதைப்பார்கள். அதனால் டேனியத்தில் அதே சொல் இடுகாட்டையும் குறிக்கலாயிற்று. நம் கிறித்தவர் அவ்விடத்தைக் கல்லறைத் தோட்டம் என்பர். அந்தத் தோட்டமும் வேலி சூழ்ந்த நிலமே என்பதைக் கவனியுங்கள். ஆனால் இக்குடும்பத்தின் பெயர் இடுகாட்டிலிருந்து நேரே வரவில்லை. டென்மார்க்கில் ஜட்லாந்தின் மேற்குப் பகுதியில், மணலும் புதர்க்காடும் மண்டிய சேதிங் என்ற சிற்றூரில், கோயிலுக்கு அருகே ஒரு பண்ணையில் அவர் முன்னோர் பயிரிட்டு வாழ்ந்தனர்; பண்ணையின் பெயர் குடியின் பெயராயிற்று. எழுத்தில் ஓர் எகரத்தைக் கூடுதலாகப் போட்டு எழுதிய பழைய கோலம், ஆள்பெயரை இடுகாட்டிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. 1948-ல் டேனியர் தம் எழுத்தைச் சீர்திருத்தி, இரட்டை அகரத்தை விட்டு, தலைமேல் வளையமிட்ட ஒற்றை எழுத்தைக் கொண்டபோதும் இப்பெயர் பழைய கோலத்திலேயே நின்றது. 1978-க்கு முந்திய ‘லை’யை இன்னும் கையெழுத்தில் எழுதும் நம் முதியவர்களுக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

தந்தையின் பெயர் மிக்கேல் பேதர்சன் கீர்க்ககோ. பேதர்சன் என்பதற்குப் பேதரின் மகன் என்று பொருள். அந்தப் பேதர் நம் பேதுருவே. இதை நம் முறைப்படி எழுதிப் பாருங்கள்: கோயில்வளவு பே. மிக்கேல். ஊர்ப்பெயர், தந்தைப்பெயரின் முதலெழுத்து, தன்பெயர்! ஒரு தலைமுறைக்கு முன்வரை நம் ஊர்களில் வழங்கிய அதே அடுக்குத்தான். 1828-ல் டென்மார்க்கு அரசு, தலைமுறைதோறும் மாறும் தந்தைப்பெயரை விட்டுக் குடும்பத்துக்கு நிலைத்த பெயர் ஒன்று வேண்டும் என்று ஆணையிட்டது. நம்மிடம் அப்படி ஓர் ஆணை வரவில்லை. அதனால்தான் இன்று ஆலை வாயிலில் படிவம் நிரப்பும் தமிழ் இளைஞர் ‘சர்நேம்’ என்ற கட்டத்தின் முன் ஒரு நொடி தயங்கி, அப்பாவின் பெயரை எழுதுகிறார்.

நடுப்பெயர் ஓபி. டேனிய ஊர்ப்பெயர்களில் ‘ஓ’ என்பது ஆறு, ‘பி’ என்பது ஊர். ஆக, ஆற்றூர்! குமரி மாவட்டத்தில் ஓர் ஆற்றூர் உண்டு. பேச்சில் திரிந்து ஆத்தூரானவை இன்னும் பல. முதற்பெயர் சோரன் இலத்தீனத்தின் செவெரினுசு தேய்ந்து வந்தது; கடுமையானவன் என்பது அதன் வேர்ப்பொருள். அந்தக் கடுமை அவர் எழுத்தில் உண்டு. 1846-ல் கோர்சேர் என்ற நையாண்டி இதழ் அவருடைய காற்சட்டையின் நீளம் வரை வரைந்து எள்ளியபோது, சோரன் என்ற பெயரே கோபன்ஹேகன் தெருக்களில் கேலிச்சொல்லாகத் திரிந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருந்த எளிய பெயர் ஒருவருக்குத் தண்டனையாக மாறிய கதை அது.

தமிழ் மண்ணுக்கும் இக்குடும்பத்துக்கும் ஒரு மெல்லிய இழை உண்டு. பன்னிரண்டு அகவையில் ஊரைவிட்டுத் தலைநகர் வந்த மிக்கேல், கம்பளித் துணி விற்று உயர்ந்து, கிழக்கிந்தியச் சரக்குகளையும் சீனச் சரக்குகளையும் விற்கும் உரிமம் பெற்ற பெருவணிகரானார். டேனியரின் கிழக்கிந்திய வணிகம் என்றால் அதில் தரங்கம்பாடி இருந்தே தீரும். 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடமிருந்து பெற்ற அவ்வூர் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை அவர்கள் கையில் இருந்தது. சோரன் அப்போது முப்பது அகவையைத் தாண்டியிருந்தார். அலைகள் பாடும் ஊர் என்று தரங்கம்பாடிக்கு அழகாகப் பொருள் சொல்வார்கள். பாடி என்பது குடியிருப்பு. பாடுவதோடு அதற்குத் தொடர்பில்லை. கல்வெட்டில் அவ்வூர் சடங்கன்பாடி. டேனியர் நாவில் அது திராங்கெபாராகி வேறொரு பயணம் போயிற்று.

பெயரை இவ்வளவு தோண்டுகிறோமே, அம்மனிதரோ தம் பெயரை மறைத்தே பெருநூல்களை எழுதினார். 1840-ல் ரெகீனே ஓல்சன் என்ற பெண்ணுக்குத் திருமண உறுதி செய்து, மறு ஆண்டே மோதிரத்தைத் திருப்பியனுப்பியவர் அவர். அந்தக் காயத்தோடு 1843-ல் ‘இதுவா, அதுவா’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலை வெளியிட்டபோது அட்டையில் இருந்த பெயர் விக்டர் எரெமித்தா, வெற்றி கொண்ட துறவி. அதே ஆண்டு ‘அச்சமும் நடுக்கமும்’ நூலுக்கு யோகன்னசு தே சிலெந்தியோ, அதாவது மௌனத்தின் யோவான். மகனைப் பலியிட மலையேறும் ஆபிரகாமைப் பற்றிய நூல் அது. அந்தத் தந்தையால் தன் செயலை எவருக்கும் விளக்கிச் சொல்ல இயலாது. மௌனத்தைப் பற்றி எழுத மௌனத்தின் பெயரையே பூண்டார். தம் மகன் சீராளனை அறுத்துச் சமைத்த சிறுத்தொண்டரை அறிந்த நமக்கு அந்நூலின் நடுக்கம் அயலானதன்று.

நம் மரபில் புனைபெயர் வேறு வகையிலும் பிறந்திருக்கிறது. பொருள் தேடச் சென்றவன் ஒருவன். நெஞ்சு காதலியிடம் திரும்பு என்கிறது, அறிவு வேலையை முடி என்கிறது. இரண்டு யானைகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த கயிறாகத் தன் உடலை அவன் காண்கிறான். இந்த நற்றிணைப் பாட்டைச் செய்தவர் இயற்பெயர் தொலைந்தது. பாட்டே அவருக்குத் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயரிட்டது. இதுவா, அதுவா என்ற நிலையைத் தம் பெயராகவே உடையவர் உலகில் இவர் ஒருவர்தாம் என்று எண்ணுகிறேன். நம் புலவருக்குப் பாட்டு பெயர் தந்தது. கீர்க்ககோ ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் ஆளைப் படைத்து அவனுக்குப் பெயர் தந்தார். தம் கருத்தை வாசகன்மேல் சுமத்தாமல், அவனையே தேர்ந்துகொள்ள விடவேண்டும் என்பது அவர் நோக்கம்.

அந்தத் தேர்வில்தான் அவருடைய மெய்யியல் தொடங்குகிறது. 1844-ல் அவர் ஆராய்ந்த ‘ஆங்கெஸ்ட்’ என்ற சொல்லின் அடியில் ஒடுங்குதல், இறுகுதல் என்ற பொருள் கிடக்கிறது. நம் இடுக்கணிலும் இடுங்குதல் ஒளிந்திருக்கிறது. அச்சத்துக்கு ஒரு பொருள் வேண்டும். பாம்புக்கு அஞ்சுகிறோம், பகைக்கு அஞ்சுகிறோம். ஆங்கெஸ்ட்டுக்கு எதிரே எதுவும் இல்லை. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்ற உரிமையைக் கண்டு நெஞ்சு தலைசுற்றி நிற்பது அது. ‘மனசு பதைக்குது’ என்று நான்காம் வேற்றுமை கேளாமல் நாம் சொல்கிறோமே, அந்தப் பதைப்பு இதற்கு மிக அருகில் வரும்.

இனி அவர் கொள்கையின் தமிழ்ப்பெயர். 1975-ல் க்ரியா வெளியிட்ட எஸ்.வி. ராஜதுரையின் அறிமுக நூல் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்’ என்ற அயற்சொல்லையே தலைப்பில் தாங்கியது. இருப்பியல், இருத்தலியல் என்ற ஆக்கங்கள் வழக்கூன்றின. இவ்விரண்டில் எது தகும்? கிடங்குக்காரர் இருப்பு என்பது எண்ணி முடித்த சரக்கை. கையிருப்பு, வங்கியிருப்பு எல்லாம் அப்படியே. வேலை முடிந்து நின்ற பெயர் அது. இருத்தல் தொழிற்பெயர், வினையின் இயக்கம் அதில் இன்னும் ஓய்வதில்லை. மனிதன் முடிந்த பொருள் அல்லன், ஒவ்வொரு கணமும் ஆகிக்கொண்டிருப்பவன், ஆகவே அவனை எந்த முழுமையான அமைப்புக்குள்ளும் கணக்கெழுதி அடைக்க முடியாது என்று செருமன் மெய்யியலர் ஹெகலை எதிர்த்து வாதிட்டவரின் கொள்கைக்கு இருப்பு பொருந்தாது, இருத்தலே பொருந்தும்.

எக்ஸிஸ்டென்ஷியலிசத்துக்கு அடியான இலத்தீனச் சொல்லுக்கு வெளியே எழுந்து நிற்பது என்று வேர்ப்பொருள். தமிழ்ச் சொல் எழுந்து நிற்கவில்லை. இரு என்றால் உளதாகு, அமர், தங்கு, பொறு, காத்திரு. முல்லைக்கு உரிப்பொருளாகத் தொல்காப்பியர் வகுத்ததும் இருத்தல்தான். கார்காலம் வந்தும் வராத தலைவனை நம்பி ஆற்றியிருக்கும் தலைவியின் நிலை. பிற்கால இருத்தலியலரான சார்த்தர் போன்ற இறைமறுப்பாளருக்கு இந்தப் பொருள் வேண்டாத சுமையாகலாம். கிறித்துவ இருத்தலியலர் என்று தம்மைச் சுட்டியதை ஏற்க மறுத்த பிரெஞ்சு மெய்யியலர் கபிரியேல் மார்செலும், நம்பிக்கையைப் பற்றி அத்தனை எழுதியவர் ஆதலால், முல்லைத் திணையை அறிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கூட்டத்துக்கு எதிராகக் கீர்க்ககோ நிறுத்திய ‘என்கெல்த்த’ என்ற சொல்லுக்குத் தனியன் என்பேன். கூட்டம் பிரிந்த விலங்கும் தனியன். இராமானுசர் பிறந்த திருப்பெரும்புதூரில் பிரபந்தம் ஓதத் தொடங்குமுன் சொல்லப்படும், நூலுக்கு வெளியே நிற்கும் வாழ்த்துச் செய்யுளும் தனியன். தம் கல்லறையில் எழுத்து வேண்டுமென்றால் ‘அந்தத் தனியன்’ என்பதே போதும் என்று அவர் விரும்பினார். கோயிலைப் பெயரில் சுமந்த அவர், கடைசி ஆண்டில் டேனிய அரசுத் திருச்சபையோடு கடும்போர் தொடுத்தார். சாவுப் படுக்கையில் போதகர் கையால் திருவிருந்து பெற மறுத்தார். அவர் சினந்தது சபையின்மேல், ஆண்டவனின் இல்லத்தின்மேல் அன்று. அசிஸ்தென்சு இடுகாட்டில், அவர் குடும்பக் கல்லறையில், அவர் விரும்பிய சொல் பொறிக்கப்படவில்லை.

1843-ல் புனைபெயர் நூல்களோடு சேர்த்துத் தம் சொந்தப் பெயரிலும் அவர் சிறு அருளுரைகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று பொறுமையில் ஆன்மாவை அடைவது பற்றியது. பொறுமை என்றே அதைப் பெயர்த்துவிடலாம். ஆயினும் அதைத் தமிழாக்க முன்வருபவர் தலைப்பில் ஆற்றியிருத்தல் என்று எழுதவேண்டும் என்பது என் வேண்டுகோள். அவருடைய மெய்யியலின் தமிழ்ப்பெயரும் அவருடைய அருளுரையும் அந்த ஒரு சொல்லில் கூடிவிடும்.