தபால்பெட்டிக்குள் ஒரு கல்லூரி!

1840-ல் பிரிட்டனில் ஒரு புரட்சி நடந்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை, ரத்தம் சிந்தவில்லை. ஒரு ஸ்டாம்ப் வந்தது, அவ்வளவுதான்! அதுவரை கடிதம் போகிற தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம். அதையும் பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர்தான் கட்டணும். இனிமேல் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே ஒரு பென்னி!

இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டவர் ஐசக் பிட்மன். ஆமாம், ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிட்யூட் போர்டுகளில் நீங்கள் பார்த்திருக்கும் அதே பிட்மன்தான்! சுருக்கெழுத்துப் பாடத்தைத் தபாலில் அனுப்பினார். மாணவர் பைபிளிலிருந்து ஒரு பகுதியைச் சுருக்கெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார். தப்புகளைத் திருத்தி மறுபடி தபாலில் சேர்ப்பார் பிட்மன். இந்தத் 'திருத்தி அனுப்புவது' என்கிற விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு கதவைத் திறந்தது. எங்கே வேண்டுமானாலும் படியுங்கள், எங்கள் பரீட்சையில் பாஸ் பண்ணினால் பட்டம் உண்டு! ராபன் தீவுச் சிறையில் இருந்தபடியே நெல்சன் மண்டேலா சட்டம் படித்தது இந்த வழியில்தான். ஆனால், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், அவ்வளவே. பாடம் சொல்லித்தருவது யார்? அது உங்கள் பாடு!

பாடமும் நானே, பட்டமும் நானே என்று ஒரு பல்கலைக்கழகம் வர வேண்டாமா? 1963-ல் ஹரால்டு வில்சன், ரேடியோ, டி.வி. வழியாக நடக்கும் 'ஆகாயப் பல்கலைக்கழகம்' பற்றிப் பேசினார். அடுத்த வருடமே பிரதமரும் ஆனார். பொறுப்பை ஒப்படைத்தது ஜென்னி லீ என்ற பெண் அமைச்சரிடம். ஸ்காட்லாந்து சுரங்கத் தொழிலாளியின் மகள் அவர். சேருவதற்கு எந்த மார்க்கும் கேட்கக் கூடாது, ஆனால் பட்டத்தின் தரம் இம்மியும் குறையக் கூடாது என்பதில் ஜென்னி படு பிடிவாதம். எதிர்க்கட்சியின் இயன் மெக்லியோட், இதெல்லாம் சுத்தப் பேத்தல் என்றார். 1970-ல் அவர் கட்சி ஆட்சிக்கு வந்தபோது திட்டம் காலி என்றே பலரும் நினைத்தார்கள். காப்பாற்றியது யார் தெரியுமா? புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர்! குறைந்த செலவில் பட்டதாரிகள் கிடைத்தால் கசக்குமா என்ன?

1971 ஜனவரியில் ஓப்பன் யுனிவர்சிட்டி தொடங்கியது. சுமார் 24,000 மாணவர்கள்! அதே மாதம் 20-ம் தேதி நாடு முழுக்கத் தபால் ஊழியர்கள் ஸ்டிரைக். ஏழு வாரம்! தபாலை நம்பிப் பிறந்த குழந்தைக்கு இப்படியொரு சோதனை. ஆனாலும் தாக்குப்பிடித்தது. டி.வி-யில் பாடம் ஓடியது. விஞ்ஞான மாணவர்களுக்குச் சோதனைக் கருவிகள் பார்சலில் வீட்டுக்கே வந்தன. கோடையில் ஒரு வாரம் நேரடி வகுப்பு. 1973-ல் முதல் பட்டமளிப்பு விழாவும் நடந்தது.

குறையே இல்லையா? ஏன் இல்லாமல்! வேலை முடிந்து வந்து, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் தனியாகப் படிக்க வேண்டும். பக்கத்து பெஞ்ச் நண்பன் கிடையாது. பாதியில் விட்டவர்கள் ஏராளம். நுழைவது எவ்வளவு சுலபமோ, நழுவுவதும் அவ்வளவு சுலபம்! முடித்தவர்களைத் தாங்கிப் பிடித்தது டி.வி. மட்டும் அல்ல. ஒவ்வொரு விடைத்தாளையும் படித்து, ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிய ஆசிரியர்கள். பிட்மன் செய்த அதே வேலை!

இந்தியாவில் 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-ல் 'இக்னோ' வந்தது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத எத்தனையோ பேருக்கு இது வாழ்க்கை கொடுத்தது நிஜம். ஆனால், பணத்தை வாங்கிக்கொண்டு புத்தக மூட்டையை அனுப்புவதோடு கடமை முடிந்தது என்று நினைத்த இடங்களும் உண்டு. உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அஞ்சல் வழியில் கொடுத்த எஞ்சினீயரிங் பட்டங்கள் 2017-ல் சுப்ரீம் கோர்ட்டில் அடிபட்டன. தவித்தது யார்? படித்தவர்கள்தான்!

இப்போது தபால்காரர் இடத்தில் செல்போன் வந்துவிட்டது. நாளைக்கு வேறொன்று வரும். ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் படிக்கச் சேர்ந்தால், அனுமதி இருக்கிறதா என்று பார்த்த கையோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: 'நான் எழுதுகிற பதிலை யார் படித்துத் திருத்துவார்கள்?'