குடிசையில் கட்டிய கயிறு

தோழர்களே, அடிமைமுறையைச் சட்டம் ஏற்காது என்று கம்பெனி ஆட்சி 1843-லேயே அறிவித்துவிட்டது. அரை நூற்றாண்டு கழித்து, 1891-இல், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் சேரிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். கடனுக்குத் தன்னையே எழுதிக்கொடுத்த படியாள்கள் அதில் இருக்கிறார்கள். குடியிருந்த மனையும் மிராசுதாருக்கே சொந்தம். எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும். பூட்டும் காவலும் எதற்கு?

மனையும் நிலமும் தந்தால்தான் விடுதலை என்று அந்த வெள்ளைக்கார அதிகாரிக்கே புரிந்தது. 1892 அரசாணைக்குப் பின் பஞ்சமி நிலம் வந்தது. பிற சாதியார் கைக்குப் போகக் கூடாத நிலம் எப்படிப் போனது என்று காரணையில் கேட்டோம். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸையும் ஏழுமலையையும் இழந்தோம்.

1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கடனை ரத்து செய்கிறது; முன்பணத்தை அல்ல என்பதுபோலத்தான் சூளை முதலாளிகள் நடக்கிறார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மீட்கப்படும் இருளர் குடும்பங்களுக்கு விடுவிப்புச் சான்றிதழ் கிடைக்கிறது. 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம்; ஆனால் முழுத்தொகை முதலாளி தண்டிக்கப்பட்டால்தான். அதுவரை அவர்கள் எங்கே குடியிருப்பது? மாமல்லபுரம் சாலையோரம் சென்ட் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

சான்றிதழோடு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, மனைப்பட்டா இருக்கிறதா என்றுதான்.