சுருதி சேர்ந்ததா? கணினியிடம் கேட்கலாமா?

வாரத்துக்கு ஒரு நாள்தான் பாட்டு வகுப்பு. மற்ற 6 நாளும் வீட்டில் தனியாகச் சாதகம். "நான் பாடுறது சரியா?" என்று யாரிடம் கேட்பீர்கள்?

இப்போது பலர் கேட்பது கணினியிடமும் கைத்தொலைபேசியிடமும்தான். அவை சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கணினி எப்படிக் கேட்கிறது?

நீங்கள் பாடும்போது காற்று அதிர்கிறது. ஒரு விநாடியில் எத்தனை அதிர்வுகள் என்று கணினி கணக்கிடுகிறது. அதன் அளவு ஹெர்ட்ஸ்.

5 கட்டையில் பாடும் பெண்ணின் ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். பஞ்சமம் அதில் ஒன்றரை மடங்கு, 294. அது 288இல் நின்றுவிட்டால் செயலியின் முள் கீழ்ப்பக்கம் சாயும்.

எங்கே தடுமாறுகிறது?

கர்நாடக இசையில் கமகம் உண்டு. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்துத்தான் பாடவேண்டும். அசைக்காமல் பிடித்தால் முள் நேராக நிற்கும். செயலி "சரி" என்று சொல்லும். ஆனால் உங்கள் ஆசிரியர் அப்படிச் சொல்லமாட்டார்!

காணொளி வகுப்பில் சேர்ந்து பாடமுடியாதது ஏன்?

ஒலி இணையத்தில் போய்ச் சேரச் சற்று நேரமெடுக்கும். தாமதம் சுமார் 30 மில்லிவிநாடியைத் தாண்டினாலே தாளம் இழுபடத் தொடங்கும். காணொளி அழைப்பில் தாமதம் பெரும்பாலும் அதைவிட அதிகம். அதனால்தான் ஆசிரியர் பாடி முடித்தபின் நீங்கள் திருப்பிப் பாடுகிறீர்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் செயலிகள் பேச்சுக்காக உருவானவை. விடாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அமுக்கிவிடலாம். ஸூம் பயன்படுத்தினால் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பை முடுக்கிவிடுங்கள்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• செயலியில் முதலில் உங்கள் சுருதியை அமையுங்கள். ஸட்ஜம் ஆளுக்கு ஆள் மாறும்.

• தம்புரா ஒலியை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒலிவாங்கிக்குள் அதுவும் புகுந்தால் எது உங்கள் குரல் என்று செயலி குழம்பும்.

• சரளி வரிசை, ஜண்டை வரிசைக்கு முள்ளைப் பார்க்கலாம். வர்ணம், கீர்த்தனைக்கு ஆசிரியரின் காதுதான் வேண்டும்.

• பாடியதைப் பதிவுசெய்து மறுநாள் கேளுங்கள். பாடும்போது தெரியாத பிழை அப்போது தெரியவரும்.

தடுமாறிய இடங்களைக் குறித்துவைத்து, அடுத்த வகுப்பில் முதலில் அதைக் கேளுங்க. ஆசிரியரோடு கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரம் வீணாகாது.