பாரசீக இளவரசனின் பல வடிவங்கள்: ஓர் ஒப்பாய்வு

ஒரே நூலுக்குப் பல பிரதிகள் கிடைக்குமிடத்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி மூலத்தின் இயல்பைத் துணிவது பதிப்பாசிரியர் மரபு. வீடியோ கேம்களும் இயந்திரத்துக்கு இயந்திரம் வடிவம் மாறி மீண்டும் மீண்டும் வெளிவருவனவாதலின், அம்மரபு அவற்றுக்கும் பொருந்தும். ஜோர்டன் மெக்னர் இயற்றி, 1989-இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ இதற்குச் சிறந்த உதாரணம். அதன் வடிவங்களைச் சித்திரங்களின் அழகு கொண்டு மதிப்பிடுவதே பெருவழக்கு. ஆயினும், அவ்விளையாட்டின் ஜீவன் உடலசைவின் காலப்பிரமாணத்திலும், இளவரசியைக் காக்க விதிக்கப்பட்ட 60 நிமிஷக் கெடுவிலுமே நிலைபெற்றிருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

மூல வடிவம் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காக எழுதப்பட்டது. 1985-இல் மெக்னர், தம் தம்பி டேவிட் ஓடுவதையும் தாவுவதையும் வீடியோவில் பதிந்து, திரையிலிருந்து ஒவ்வொரு நிலையையும் புகைப்படமெடுத்து, உருவத்தைக் கறுப்பு வெள்ளையாகத் தீட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். வாட்போருக்கு, 1938-இல் வெளிவந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ திரைப்படத்தில் எரால் ஃபிளின் புரியும் போர் ஆதாரமாயிற்று. இதனால் இளவரசனுக்கு மெய்யுடலின் கனம் வாய்த்தது. ஓடுகிறவன் சறுக்கியே நிற்பான். ஆகவே ஆடுபவர் ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே கணித்தாக வேண்டும். 128 கிலோபைட் நினைவகத்தின் பெரும்பகுதியை இவ்வசைவுகளே கொண்டுவிட்டபடியால், எதிரிக்குத் தனி உருவம் அமைக்க முதலில் இடமில்லை. இளவரசனின் படத்தையே சற்று நகர்த்தி அதன்மேலேயே இட்டு, வேறுபடும் புள்ளிகளை மட்டும் ஒளிரச் செய்து, மெக்னர் ஒரு நிழல் மனிதனைப் படைத்தார். கண்ணாடியினூடே பாயும்போது பிரிந்து பகையாகி, வாளை உறையிலிட்டபின் மீண்டும் கலக்கும் அந்நிழலே கதையின் உயிர்நிலையாயிற்று. சாதனத்தின் வறுமை கற்பனையை வளர்த்ததற்கு இதனினும் தெளிந்த சான்று காண்பது அரிது.

ஆப்பிள் II-இன் காலம் முடியும் தறுவாயில் வந்தமையால் மூல வடிவம் மந்தமாகவே விற்றது. 1990-இல் வந்த டாஸ் வடிவம் 256 வர்ணங்களையும் செழுமையான ஒலியையும் சேர்த்தது. ஜப்பானில் பி.சி.-9801 கம்ப்யூட்டருக்காக ஆர்சிஸ் நிறுவனத்தார் செய்த வடிவம், எளிய வெண்ணுடையில் இருந்தவனுக்குத் தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிவித்தது. 1992-இல் மெக்கின்டோஷ் வடிவமும் அக்கோலத்தையே ஏற்றது. இவை யாவும் வேஷமாற்றங்களே. நடையும் கெடுவும் மாறவில்லையாதலின், இவற்றைப் பாடபேதங்கள் என அமைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு சூப்பர் நின்டெண்டோவில் வெளிவந்த வடிவமோ வேறு வகையானது. மூலத்தின் 12 நிலைகள் அதில் 20 ஆயின. 60 நிமிஷம் 120 ஆயிற்று. மூலத்தில் இளவரசன் மாண்டு நிலையின் தொடக்கத்துக்குத் திரும்பினாலும் கடிகாரம் பின்செல்லாது. ஒவ்வொரு பிழைக்கும் காலமே தண்டம். கெடு இரட்டித்தபோது, மூச்சுமுட்டும் ஓட்டம் நெடும் யாத்திரையாகிறது. புதிய நிலைகளும் இசையும் ரசிக்கத்தக்கனவே. எனினும் இதனைப் பிரதி என்னாது வழிநூல் எனக் கொள்வதே தகும். 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா கிளாசிக்’, முப்பரிமாணச் சித்திரங்களால் தோற்றத்தை முற்றிலும் புதுக்கியபோதிலும், பழைய நிலைகளின் அமைப்பைப் போற்றிக் காத்தது. அவ்வகையில் அது சூப்பர் நின்டெண்டோ வடிவத்தினும் மூலத்துக்கு அணித்தானது.

2011-இல் ரசிகர் ஒருவர், மூலநிரலின் துணையின்றியே ஆப்பிள் II வடிவத்தைப் பகுத்தாய்ந்து, கமடோர் 64-க்கு ஒரு வடிவம் சமைத்தார். மறு ஆண்டில் மெக்னரின் தந்தையார் வீட்டில் பழைய டிஸ்குகளைக் கண்டெடுக்க, நிபுணர் உதவியால் மீட்கப்பட்ட மூலநிரல் யாவரும் காண வெளியிடப்பட்டது. அதனை ஆதாரமாகக் கொண்டே 2018-இல் பி.பி.சி. மாஸ்டர் வடிவம் எழுந்தது. டிஸ்குகள் கிட்டியது தற்செயல். அவற்றில் காந்தப் பதிவு அழியாதிருந்தது பெரும்பேறு. கலைப்படைப்பொன்றின் மூலம் அதிர்ஷ்டத்தை நம்பி வாழலாகாது. மறுவெளியீடு செய்வோர் புதுக்கோலத்துடன் மூல வடிவத்தையும் அதன் நிரலையும் உடன்வைத்து அளிப்பாராயின், எது வேஷம், எது உயிர் என்பதை வருங்கால ஆராய்ச்சியாளர் தாமே ஒப்பிட்டுத் துணிவர்.