போஃபர்ஸும் ஆலடி அருணாவும்

தோலை விக்கிறவரே தரமும் சொன்னா எங்க பேரணாம்பட்டுல யாரும் சரக்கு எடுக்க மாட்டாங்க. நாடாளுமன்றத்துல அப்படித்தான் நடந்துச்சு.

1987-ல போஃபர்ஸ் பேரத்தை (400 பீரங்கி, சுமார் 1,437 கோடி ரூபாய்) விசாரிக்க சங்கரானந்த் தலைமையில கூட்டுக்குழு போட்டாங்க. சாட்சிகளை அழைக்கிற அதிகாரம் குழுவுக்கு இருந்துச்சு. ஆனா முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணிச்சதால, உள்ளே இருந்தது காங்கிரஸும் தோழமைக் கட்சிகளும்தான். போஃபர்ஸ் அதிகாரிகள் வந்தாங்க, பணம் வாங்கினவங்க பேரை மட்டும் சொல்லலை. அதை வற்புறுத்திக் கேட்டா யாருக்குச் சங்கடம்? சொந்த அரசுக்குத்தான்!

1988-ல வந்த அறிக்கை, இடைத்தரகருக்கு ஆதாரமில்லைன்னு முடிச்சுது. மறுப்புக் குறிப்பு எழுதினவர் அதிமுகவின் ஆலடி அருணா. அவர் கட்சி அப்போ காங்கிரஸோட தோழமைக் கட்சி. இன்னிக்கு அந்த அறிக்கையில படிக்கத் தகுந்த பக்கங்கள் அவருடையதுதான்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?