காப்புக் காடும் தேசியப் பூங்காவும்

திருவனந்தபுரம் வரும் தமிழ் அன்பர்கள், ஸ்ரீபத்மநாபரைத் தரிசித்த பின்னர், 1857-ல் தோன்றிய அருங்காட்சியகத்தையும் அதனைச் சூழ்ந்த பூங்காவையும் கண்டு செல்வது வழக்கம். பூங்கா என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது அத்தகைய தோட்டமே. ஆனால் 'தேசியப் பூங்கா' தோட்டமன்று, அடர்ந்த காடு. சர்க்கார் ஆவணங்களைத் தமிழாக்கும் நமக்கு இச்சொல் பன்முறை மயக்கம் தந்ததுண்டு. அங்ஙனமாயின், அதற்கும் காப்புக் காட்டிற்கும் வேற்றுமை யாது?

காப்புக் காடே வயதில் மூத்தது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் மரம் மிகுதியாகத் தேவைப்பட்ட காலத்தில் பிறந்தது அது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878-லும், சென்னை மாகாணத்தில் 1882-லும் காட்டுச் சட்டங்கள் இயற்றப்பட்டன. திருவாங்கூர் சமஸ்தானம் 1887-ல் தன் சட்டத்தை வகுத்து, மறு ஆண்டே கோன்னிக் காட்டைக் காப்புக் காடாக்கியது. மரவளம் தீர்ந்துவிடாமல் அளவறிந்து வெட்டி வருவாய் ஈட்டுவதே அன்றைய நோக்கம்.

தேசியப் பூங்காவின் நோக்கம் வேறு. 1872-ல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தொடங்கிய இவ்வழக்கம், 1936-ல் இமயமலை அடிவாரத்தில் ஹெய்லி பூங்காவாக நம் நாட்டிற்கு வந்தது. இன்று அதன் பெயர் கார்பெட். அமெரிக்காவில் தேசியக் காடுகளை வேளாண்மை இலாகாவும், பூங்காக்களை உள்நாட்டு இலாகாவும் நிர்வகிக்கின்றன. நம் நாட்டில் இரண்டும் காட்டிலாகாவிடமே உள்ளமையால், வேற்றுமையைச் சட்டத்தில்தான் காண வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி, பூங்காவினுள் கால்நடை மேய்க்கலாகாது. விலங்குகளின் நலத்திற்கன்றி மரம் வெட்டலாகாது. தனியார் நில உரிமைகள் தீர்க்கப்படல் வேண்டும். இடைப்பட்டது சரணாலயம், அங்கே சில உரிமைகள் தொடரலாம்.

இதனை விளக்க அமைதிப் பள்ளத்தாக்கு ஒன்றே போதும். 1914-ல் சென்னை அரசாங்கம் அதனைக் காப்புக் காடாக்கியது. ஆயினும் 1970-களில் குந்திப்புழையின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்ட முற்பட்டபோது, அந்தப் பெயர் அதனைக் காக்கப் போதவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரி போன்றோரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் அது தேசியப் பூங்காவாயிற்று. காடு ஒன்றே; பெயரோடு சட்டத்தின் வலிமையும் மாறிற்று.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் தேசியப் பூங்கா இல்லை. பொதிகையென நாம் போற்றும் அகத்தியர் மலைச் சாரலில், 1958-ல் நெய்யாறும் 1983-ல் பேப்பாறையும் சரணாலயங்களாயின. அங்கே காணிக்காரர் என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சையை 1987-ல் விஞ்ஞானிகளுக்குக் காட்டியவர்கள் அவர்களே. விலங்கைக் காக்கும் வேலி, காட்டை அறிந்த மனிதனை வெளியே தள்ளலாமா? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பூங்காக்களிலும் சரணாலயங்களிலுங்கூடப் பழங்குடியினரின் உரிமைக்கு இடமளித்தது.

எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும், காட்டின் முகப்பில் உள்ள பெயர்ப்பலகையை அன்பர்கள் ஒருகணம் நின்று படிப்பார்களாக. அங்கே யாருக்கு என்ன உரிமை என்பதை அப்பெயரே சொல்லிவிடும்.