திறக்க மறுக்கும் கதவு

மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் மழைக்காலம் முழுதும் ஓடாமல் நின்ற மோட்டார் காரை நீங்கள் திறக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாவி திரும்புகிறது. கைப்பிடியும் அசைகிறது. கதவு மட்டும் வர மறுக்கிறது. தேவனாம்பட்டினத்துக் கடற்காற்றின் கைவரிசை இது. காரின் கண்ணாடி இடுக்கு வழியே மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது வடிந்துபோகக் கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. மண்ணும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்பும் ஈரமும் கூடிய இடத்தில் இரும்பு என்ன ஆகும் என்று கடலூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கதவுக்குள் என்னதான் இருக்கிறது? நண்டின் கொடுக்கைப் போன்ற ஒரு பிடி இருக்கிறது. காரின் உடற்சட்டத்தில் பதித்த இரும்பு வளையத்தை அது கவ்விக்கொள்கிறது. கவ்விய பிடி விலகாதபடி, ஸ்பிரிங்கின் விசையால் ஒரு சிறு தடுப்பு குறுக்கே விழுகிறது. கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி அந்தத் தடுப்பை விலக்க வேண்டும். கிரீஸ் காய்ந்து தடுப்பு ஒட்டிக்கொண்டாலும் சரி, கம்பியின் முனையிலுள்ள சிறு கிளிப் உடைந்தாலும் சரி, விளைவு ஒன்றே.

திண்டுக்கல் பூட்டு கெட்டால் நாதாங்கியை அறுத்தாவது வீட்டுக்குள் போய்விடலாம். கார்ப் பூட்டின் திருகாணிகளோ கதவின் விளிம்பில், கதவு திறந்தால் மட்டுமே தெரியும் இடத்தில் இருக்கின்றன. கதவைத் திறக்கப் பூட்டைக் கழற்ற வேண்டும். பூட்டைக் கழற்றக் கதவைத் திறக்க வேண்டும்! இப்படிப் பிடிவாதமாக ஏன் அமைத்தார்கள்?

1886இல் காரல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கதவே கிடையாது. 1920களில் மூடிய கார்கள் பெருகியபோது, ஏறக்குறைய வீட்டுக் கதவுத் தாழே காருக்கும் வந்தது. குழியில் ஒரு நாக்கு விழும், அவ்வளவுதான். மோதலில் சட்டம் சற்றே வளைந்தாலும் நாக்கு நழுவிக் கதவு விரியத் திறந்தது. 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தார் விபத்துகளை ஆராய்ந்து, வெளியே வீசப்பட்டவர்களுக்கே உயிராபத்து மிகுதி என்று கண்டனர். 1956ஆம் ஆண்டு ஃபோர்டு கார்களுக்குப் பிடி விடாத புதிய தாழ் வந்தது. 1959இல் மெர்சிடிஸ் இரட்டைப் பிடியுள்ள ஆப்புத் தாழைக் கொண்டுவந்தது. 1968 முதல் அமெரிக்காவில் இதற்கென விதியே ஏற்பட்டது. கதவு தானே திறந்துவிடக் கூடாது என்ற அச்சத்தின் குழந்தைதான் இன்றைய தாழ்.

திறக்க வேண்டிய வேளையில் திறக்காவிட்டால்? இந்த இரண்டாவது அச்சம் வெகு தாமதமாகவே வந்தது. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டை நினைவுள்ளவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். தொடக்கத்தில் அதற்கு இரண்டே கதவுகள். பின்னிருக்கைக் குழந்தை கதவைத் திறந்து விழுந்துவிடுமோ என்ற கவலை இல்லை. ஆனால் முன்னிருக்கையைச் சாய்க்காமல் பின்னாலிருந்து எவரும் இறங்கவும் முடியாது!

மின்சாரம் வந்ததும் சிக்கல் கூடியது. 1914லேயே ஸ்கிரிப்ஸ்-பூத் என்ற அமெரிக்கக் காரில் மின்பூட்டு இருந்தது. 1956இல் பேக்கார்டு அதற்கு மறுவாழ்வு தந்தது. 1982இல் ரெனோ ஃபுவேகோ காரைத் தொலைவிலிருந்தே பூட்டித் திறக்க முடிந்தது. ஒரு பொத்தானில் நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்வது வசதிதான். பாட்டரி செத்துவிட்டாலோ, வண்டி வெள்ளத்தில் இறங்கிவிட்டாலோ? இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் புதிய கார்களில், மின்பூட்டு செயலற்றாலும் கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும் என்று விதி வந்தது. பின்கதவை உள்ளிருந்து திறக்கவிடாத குழந்தைப் பூட்டு, அதே நாள் முதல் புதிய வாடகைக் கார்களில் தடைசெய்யப்பட்டது. பயணம் செய்யும் பெண்களை அடைத்துவைக்க அது பயன்பட்டதே காரணம்.

விதி பழைய கார்களைத் தொடாது. நின்றிருக்கும் காருக்குள் ஏறி விளையாடும் பிள்ளைகளையும் தொடாது. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே அப்படி ஏறிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்தனர். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறிவிடும். குழந்தையின் உடலோ பெரியவர் உடலைவிட விரைவாகச் சூடேறுவது. ஆகவே நிற்கும் காரைப் பூட்டியே வையுங்கள். ஹாரனை அழுத்தவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே அது ஒலிக்கும். உள்ளே குழந்தை இருந்து கதவு வராவிட்டால் மெக்கானிக்குக்குக் காத்திராதீர்கள். குழந்தைக்கு எட்டத்தில் உள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில் கூரான இரும்பால் அடியுங்கள். கண்ணாடியின் நடுப்பகுதி எளிதில் உடையாது.

உள்ளே எவரும் இல்லையென்றால் அவசரம் வேண்டாம். முதலில் வேறு கதவு வழியே உள்ளே போய், உள்கைப்பிடியை இழுத்துப் பாருங்கள். பின்கதவானால் குழந்தைப் பூட்டின் வேலையாகவும் இருக்கலாம். அப்போது வெளிக்கைப்பிடி திறந்துவிடும். ஒருவர் கதவை வெளியிலிருந்து உள்நோக்கி அழுத்தட்டும். அதே கணம் மற்றொருவர் கைப்பிடியை இழுக்கட்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் அழுத்தம் குறைந்து, ஒட்டிய தடுப்பு பல தடவை இப்படியே விடுபடும். பூட்டுப் பொத்தானையும் இடையிடையே ஏற்றி இறக்குங்கள். கதவு திறந்ததும் உடனே சாத்திவிடாதீர்கள்! பிடிக்கு எண்ணெய் விட்டு, ஒரு ஸ்குரூடிரைவரால் அதைக் கவ்வவிட்டு விடுவித்துப் பார்த்தபின் சாத்துங்கள். அடித்துளைகளையும் ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். தேங்கியிருந்த மழைநீர் அப்போதுதான் ஒழுகத் தொடங்கும்.